"ரிக்வெஸ்ட்"க்கு அப்புறம் "ஃபார்" வருமா வராதா? யாராவது தெளிவா சொல்லுங்க

#1 குழம்பியகுட்டை

மக்களே, சின்ன விஷயம்தான், ஆனா ரெண்டு நாளா மண்டைய குடையுது.

ஆபீஸ்ல ஒரு ப்ரொசீஜர் டாக்குமென்ட் எழுதுறேன், ஒரு சிஸ்டத்துக்கு யாருக்கு எப்படி அக்செஸ் குடுக்கணும்னு, பதினாறு பக்கம். அதுல "ரிக்வெஸ்ட்"ங்கிற வார்த்தை பக்கத்துக்கு நாலு தடவையாவது வருது. முதல் பக்கத்துலயே "யூசர்ஸ் மஸ்ட் ரிக்வெஸ்ட் ஃபார் அக்செஸ்"னு எழுதியிருந்தேன். ரிவ்யூ பண்றவர் அந்த "ஃபார்" மேல சிவப்பா ஒரு கோடு இழுத்து "தேவையில்லை, எல்லா இடத்துலயும் பாருங்க"னு போட்டாரு. சரின்னு நான் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் எடுத்து "ரிக்வெஸ்ட் ஃபார்"னு இருந்ததை எல்லாம் வெறும் "ரிக்வெஸ்ட்"னு மாத்திட்டேன். ரீப்ளேஸ் ஆல். 31 இடம். ஒரே கிளிக், போய் டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

திரும்பி வந்தப்ப முன்ன இருந்ததை விட ஜாஸ்தி சிவப்பு. "எவ்ரி ரிக்வெஸ்ட் அக்செஸ் மஸ்ட் பி அப்ரூவ்ட்"னு நிக்குது ஒரு லைன், அதுல அவரே "ஃபார்"ஐ திரும்ப சேத்து வெச்சு பக்கத்துல ஒரு கேள்விக்குறி. எடுன்னவரும் அவரே சேருன்னவரும் அவரே. நேர்ல கேக்கலாம்னா "இது கூட தெரியாதா"ன்னு நினைப்பாரோன்னு கூச்சமா இருக்கு. இதுக்கு ஏதாவது ரூல் இருக்கா இல்ல காதுக்கு எது நல்லா இருக்கோ அதுவா?

#2 எதுக்குவம்பு

ரீப்ளேஸ் ஆல் அடிச்சவன் நல்லா வாழ்ந்ததா சரித்திரமே இல்ல 😂

#3 தூறல்மழை

எனக்கும் இதே டவுட் இருக்கு, ஃபாலோ பண்றேன்.

#4 பழையபேனா

ரூல் இருக்கு தம்பி, ரொம்ப சின்ன ரூல். உங்க ரிவ்யூவர் ரெண்டு இடத்துலயும் சரியாத்தான் சொல்லியிருக்கார்.

"ரிக்வெஸ்ட்" ஒரே எழுத்து ஒரே உச்சரிப்புல ரெண்டு வேலை பாக்குது. ஒரு இடத்துல வெர்ப், ஒரு இடத்துல நவுன். வெர்பா இருக்கும்போது நாம கேக்குற பொருள் அதை ஒட்டியே வரணும், நடுவுல "ஃபார்" கூடாது. "ஐ ரிக்வெஸ்டட் அக்செஸ்." "ப்ளீஸ் ரிக்வெஸ்ட் எ நியூ பாஸ்வேர்ட்." நவுனா இருக்கும்போது அதால நேரா ஒரு பொருளை பிடிச்சுக்க முடியாது, கோத்து விட ஒரு சொல் வேணும், அந்த சொல்லுதான் "ஃபார்". "மை ரிக்வெஸ்ட் ஃபார் அக்செஸ்." "வி காட் த்ரீ ரிக்வெஸ்ட்ஸ் ஃபார் எ நியூ பாஸ்வேர்ட்."

உங்க முதல் லைன்ல "மஸ்ட்"க்கு அப்புறம் வர்றது வெர்ப். "எவ்ரி"க்கு அப்புறம் வர்றது நவுன். அதான் ஒண்ணுல எடுத்தார், ஒண்ணுல சேத்தார். எடுத்த எடுப்புல எது எதுன்னு தெரியலைன்னா தமிழ்ல மாத்தி பாருங்க. அந்த இடத்துல "கோரிக்கை"ன்னு போட்டா பொருந்துதா, அப்ப "ஃபார்" உண்டு. "கேளு", "கேட்டான்", "கேக்கணும்"னு போட்டா பொருந்துதா, அப்ப "ஃபார்" கிடையாது. இருபத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ் கிளாஸ் எடுத்தவ நான், கரும்பலகையில எத்தனை தடவை எழுதிப்போட்டாலும் அடுத்த கட்டுரை நோட்டுல "ரிக்வெஸ்ட் ஃபார்" வந்து நிக்கும், அதனால நீங்க கூச்சப்படாதீங்க.

#5 குழம்பியகுட்டை

ஆஹா மேடம், கோரிக்கை / கேளு டெஸ்ட் சூப்பர். ஆனா ஒரு சந்தேகம், "ஆஸ்க் ஃபார் அக்செஸ்"ங்கிறது சரிதானே? ஆஸ்க்கும் வெர்ப்தானே? அதுக்கு மட்டும் ஏன் ஃபார்? ரிக்வெஸ்ட்ங்கிறதே ஆஸ்க்கோட கோட்டு சூட்டு போட்ட வெர்ஷன்தானே.

#6 எதுக்குவம்பு

அதானே. நானும் அதையேதான் கேக்க வந்தேன். இங்கிலீஷ்காரன் இஷ்டத்துக்கு ஒண்ணு வெப்பான், நாம இங்க உக்காந்து ரூல் கண்டுபிடிப்போம்.

#7 பழையபேனா

இஷ்டத்துக்கு இல்ல. "ஆஸ்க்"குக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு கேள்வி கேக்குறது, இன்னொண்ணு வேணும்னு கேக்குறது. "ஆஸ்க் த மேனேஜர்"னா மேனேஜர்கிட்ட போய் கேளு. "ஆஸ்க் ஃபார் த மேனேஜர்"னா மேனேஜரை கூப்பிடச் சொல்லு, அவரைப் பாக்கணும்னு கேளு. அந்த "ஃபார்" இல்லைன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். "சர்ச்" பாருங்க, "சர்ச் த பேக்"னா பைக்குள்ள தேடு, "சர்ச் ஃபார் த பேக்"னா பையையே காணோம்.

"ரிக்வெஸ்ட்"குக்கு அந்த தலைவலி இல்ல. வெர்பா அதுக்கு இருக்குறது ஒரே அர்த்தம்தான், வேணும்னு கேக்குறது. அந்த "ஃபார்" செய்ய வேண்டிய வேலை ஏற்கனவே வார்த்தைக்குள்ள இருக்கு. "வெயிட் ஃபார்" / "அவெய்ட்" ஜோடியும் இதே கதை. "ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை", "ஐ வெயிட் ஃபார் யுவர் ரிப்ளை". "அவெய்ட் ஃபார்"னு எழுதினா ஒரே ஆளுக்கு ரெண்டு குடை.

#8 தூறல்மழை

ஒரே ஆளுக்கு ரெண்டு குடை 👌

#9 ஒற்றெழுத்து

இழை நல்லா போகுது, என் பங்குக்கு ஒண்ணு. நமக்கு மட்டும் இந்த தப்பு ஏன் இவ்வளவு வருதுன்னு யோசிச்சா, காரணம் நம்ம "பண்ணு"தான்.

நாம பேசுறப்ப இங்கிலீஷ் வெர்பை வெர்பாவே எடுத்துக்க மாட்டோம். அதை ஒரு பேர் மாதிரி ஆக்கி, பின்னாடி ஒரு "பண்ணு" ஒட்டி, வினை வேலைய பூரா அந்த "பண்ணு" தலையில கட்டிடுவோம். "ரிக்வெஸ்ட் பண்ணேன், பண்றேன், பண்ணுவேன்." காலம் காட்டுறது யாரு, பண்ணு. ஆள் காட்டுறது யாரு, பண்ணு. "ரிக்வெஸ்ட்" சும்மா பொம்மை மாதிரி முன்னாடி உக்காந்திருக்கு. ஆக நம்ம வாய்ல அது எப்பவுமே நவுன்தான்! இப்ப அதுக்கு வேற்றுமை உருபு போட்டு பாருங்க. "அக்செஸ் கேட்டேன்"னு சொல்றோம், உருபே இல்ல, அல்லது "அக்செஸை கேட்டேன்". ஆனா "அக்செஸுக்கு ரிக்வெஸ்ட் பண்ணேன்." எங்கிருந்து வந்துச்சு அந்த "கு"? நாலாம் வேற்றுமை. அதை இங்கிலீஷ்ல எழுதறப்ப கை தானா "ஃபார்" போடுது.

இதுல வேடிக்கை என்னன்னா நம்ம மூளை தப்பே பண்ணல. "ரிக்வெஸ்ட் பண்ணேன்"ஐ அப்படியே இங்கிலீஷ்ல வெச்சா "ஐ மேட் எ ரிக்வெஸ்ட்", அதுக்கு அப்புறம் "ஃபார்" கட்டாயம் வேணும். நாம "மேட் எ"வை முழுங்கிட்டு "ஃபார்"ஐ மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டோம்.

"டிஸ்கஸ் அபவுட்"டும் இதே கேஸ்தான். "அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணோம்." பத்தி = அபவுட். வெர்பா "டிஸ்கஸ் த பிளான்"னு நேரா வரணும், நவுனா இருந்தா "எ டிஸ்கஷன் அபவுட் த பிளான்".

#10 குழம்பியகுட்டை

அடப்பாவி, இது வரைக்கும் யாரும் இப்படி சொல்லிக் குடுத்ததே இல்ல. "லீவுக்கு அப்ளை பண்ணேன்" கூட அதே "கு"தானே? "அப்ளை ஃபார் லீவ்" அதுவும் தப்பா அப்ப?

#11 ஒற்றெழுத்து

இல்ல இல்ல, "அப்ளை ஃபார்" சரி. அதான் வலையே. அப்ளை வெர்பா இருந்தாலும் "ஃபார்" கேக்கும், ஏன்னா "அப்ளை த பெயின்ட்"னா பூசுறதுன்னு ஆயிடும். அங்க நம்ம "கு" தற்செயலா சரியான கதவைத் தட்டுது. அந்த தைரியத்துலதான் ரிக்வெஸ்ட் வீட்டுலயும் போய் அதே மாதிரி தட்டுறோம்.

#12 எதுக்குவம்பு

சரி சரி எல்லாம் அழகா இருக்கு. ஒரு கேள்வி. "ரிக்வெஸ்ட் ஃபார் அக்செஸ்"னு எழுதினா படிக்கிறவனுக்கு புரியாம போகுமா? அவன் அக்செஸ் குடுக்காம இருப்பானா? நம்ம பக்கம் கோடிக்கணக்கான பேர் அப்படித்தான் எழுதுறான். "ப்ரீபோன்"னு நாம பேசிப் பேசியே டிக்‌ஷனரிக்குள்ள ஏத்திட்டோம். இதையும் ஏத்திடுவோம். எதுக்கு வெள்ளைக்காரன் காதுக்கு பயந்து சாகணும்?

#13 பழையபேனா

புரியும், சந்தேகமே இல்ல. பேசும்போது நீங்க சொன்னா நான் திருத்தவும் மாட்டேன். நம்ம ஊர்ல மட்டும் இல்ல, இங்கிலீஷை ரெண்டாவது மொழியா புழங்குற வேற பல நாட்டுலயும் இந்த "ரிக்வெஸ்ட் ஃபார்", "டிஸ்கஸ் அபவுட்", "எம்ஃபசைஸ் ஆன்" எல்லாம் தாராளமா ஓடுது.

ஆனா "ப்ரீபோன்" வேற, இது வேற. "போஸ்ட்போன்"க்கு எதிர்ப்பதம்னு பொதுவா புழங்குற ஒரு வார்த்தை அங்க இல்லாம இருந்தது, நாம ஒண்ணை ஓட விட்டோம், அது காலி இடத்துல உக்காந்துச்சு. இங்க காலி இடமே இல்லையே. தம்பி எழுதுறது பதினாறு பக்க ப்ரொசீஜர், அதை ரிவ்யூ பண்ண ஒருத்தர் சிவப்பு பேனாவோட உக்காந்திருக்கார். அங்க போய் மொழி உரிமைப் போராட்டம் நடத்துனா அடி வாங்குறது தம்பிதான், நீங்க இல்ல.

#14 எதுக்குவம்பு

😂 சரி டீச்சர், சரணாகதி. பாதி.

#15 நள்ளிரவுகோடர்

லேட்டா வந்தேன். எங்க சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இந்த தப்பு ஏன் ஒட்டிக்குதுன்னா நாங்க தினம் பாக்குற பேர்களே அப்படி. ஆர்எஃப்சின்னு இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் டாக்குமென்ட்ஸ் இருக்கு இல்ல, அதோட விரிவே "ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ்". முதல் ஆர்எஃப்சி வந்தது 1969 ஏப்ரல்ல, அன்னைலேர்ந்து அந்த பேர் அப்படியே. டெண்டர் விடுறவங்க "ரிக்வெஸ்ட் ஃபார் ப்ரொபோசல்"னு ஆர்எஃப்பி விடுறாங்க. கண்ணு பழகிப்போச்சு, ரிக்வெஸ்ட்னாலே பக்கத்துல ஃபார் இருக்கணும்னு. ஆனா இதெல்லாம் நவுன், ஒரு டாக்குமென்ட்டோட பேர். மேல டீச்சர் சொன்ன டெஸ்ட் போட்டா "கருத்துகளுக்கான கோரிக்கை", கரெக்டா வருது.

இன்னொண்ணு, கிட்னு கோடுல பண்ற மாற்றங்களை குறிச்சு வெச்சுக்கிற டூல் ஒண்ணு இருக்கு, அதை யூஸ் பண்றவங்களுக்கு இது பிடிக்கும். "புல் ரிக்வெஸ்ட்" அவங்க எல்லாருக்கும் தெரியும், "புல்"னா இழு. கிட்லயே "ரிக்வெஸ்ட்-புல்"னு ஒரு கமாண்ட் இருக்கு, நிறைய பேர் கண்ணுல பட்டிருக்காது. "என் மாற்றங்களை இழுத்துக்கோங்க"ன்னு இன்னொருத்தருக்கு அனுப்ப ஒரு சுருக்கம் தயார் பண்ணிக் குடுக்கும். ரெண்டு வார்த்தையும் அதே வார்த்தைங்கதான், இடம் மட்டும் மாறியிருக்கு. "ரிக்வெஸ்ட்-புல்"ல ரிக்வெஸ்ட் வெர்ப், புல்லைக் கேக்குது, நேரா ஒட்டி நிக்குது. "புல் ரிக்வெஸ்ட்"ல ரிக்வெஸ்ட் நவுன், புல் அதுக்கு முன்னாடி அடைமொழி மாதிரி. ரெண்டுலயும் ஃபார் கிடையாது!

ஆக குட்டை, நவுனா இருந்தாலும் பொருள் முன்னாடி வந்துட்டா ஃபார் தேவைப்படாது. "ரிக்வெஸ்ட் ஃபார் அக்செஸ்" = "அக்செஸ் ரிக்வெஸ்ட்". உங்க ஃபார்ம் தலைப்புல எல்லாம் ரெண்டாவதை போடுங்க, சுருக்கமா இருக்கும், பிரச்சனையும் தீரும்.

#16 குழம்பியகுட்டை

அக்செஸ் ரிக்வெஸ்ட் ஃபார்ம்! இதை ஏன் யோசிக்கல நான். தலைப்புல "ரிக்வெஸ்ட் ஃபார் அக்செஸ் ஃபார்ம்"னு போட்டிருந்தேன், ரீப்ளேஸுக்கு அப்புறம் அது "ரிக்வெஸ்ட் அக்செஸ் ஃபார்ம்"னு ஆகி, படிக்கிறவன் ஃபார்மையே கேட்டு வாங்கணும்னு நினைச்சிருப்பான்.

#17 சொல்பொறுக்கி

இந்த இழைக்குள்ள நான் வராம இருக்க முடியாது, ஏன்னா இதே வார்த்தைகிட்ட நான் பட்ட பாடு தனி. சாஃப்ட்வேர் தமிழாக்கம் பண்றேன். வேலை எப்படி வரும்னா ஸ்க்ரீன்ல என்ன இருக்குன்னு காட்ட மாட்டாங்க, ஒரு பட்டியல் குடுப்பாங்க, வரிசையா இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்துல காலி கட்டம். ஒரு நாள் அதுல ஒரு வரி, வெறும் "ரிக்வெஸ்ட்". முன்னயும் ஒண்ணும் இல்ல பின்னயும் ஒண்ணும் இல்ல. பட்டனா? தலைப்பா? டேபிள்ல நெடுவரிசையோட பேரா? இங்கிலீஷ்காரனுக்கு எல்லாத்துக்கும் அதே ஏழு எழுத்து, அவனுக்கு கவலை இல்ல. எனக்கு பட்டன்னா "கோரு", தலைப்புன்னா "கோரிக்கை". நான் "கோரிக்கை"ன்னு போட்டேன். ஆப் வெளிவந்த அப்புறம் போன்ல திறந்து பாக்குறேன், பெரிய நீல பட்டன், அதுல "கோரிக்கை"ன்னு எழுதியிருக்கு. அழுத்தறதா வேண்டாமான்னே தெரியல, ஏதோ ஊர்வலத்துல பிடிச்ச அட்டை மாதிரி 😭

ஆர்டர், ரிப்போர்ட், ஷேர், கமென்ட், ஆர்கைவ், வியூ, எல்லாம் இதே ஜாதி. "போஸ்ட்"டுக்கு "பதிவு"ன்னு போட்டா அது போஸ்ட்டும் ஆகும், ரிஜிஸ்ட்ரேஷனும் ஆகும், ரெக்கார்டிங்கும் ஆகும். கெட்டெக்ஸ்ட்னு சாஃப்ட்வேர் மொழிபெயர்ப்புக்கான டூல் ஒண்ணு இருக்கு, அதுல இதுக்குன்னே ஒவ்வொரு வார்த்தைக்கும் மேல "இது எந்த இடத்து வார்த்தை"ன்னு சொல்ற கான்டெக்ஸ்ட் வரி ஒண்ணு எழுத வசதி இருக்கு, டெவலப்பர் எழுதினாத்தானே. கோடர் சார், உங்களைத்தான்.

#18 நள்ளிரவுகோடர்

🙈 நான் இந்த இழைக்கு வரவே இல்ல.

#19 தூறல்மழை

ஒரு சந்தேகம். தமிழ்ல இந்த குழப்பமே இல்லையா? ஒரே வார்த்தை நவுனாவும் வெர்பாவும் வர்றது நம்மகிட்ட கிடையாதா?

#20 ஒற்றெழுத்து

இருக்கே, தாராளமா. அடி, உதை, கடி, இடி, வெட்டு, கட்டு. "டேய் அவனை அடி"ன்னா வினை. "அவனுக்கு செம்ம அடி"ன்னா பேர். இலக்கணத்துல இதுக்கு முதனிலைத் தொழிற்பெயர்னு பேர், வினையோட வேர் அப்படியே எதுவும் ஒட்டாம பேராகி நிக்கிறது.

இப்ப உருபைப் பாருங்க. "அவனை அடிச்சேன்." "அவனுக்கு ஒரு அடி குடுத்தேன்." வினைன்னா "ஐ", பேர்னா "கு". நம்ம அடிக்கு எது ஐ-யோ அது ரிக்வெஸ்டுக்கு வெறுமனே ஒட்டுறது, எது கு-வோ அது ஃபார். "அவனுக்கு அடிச்சேன்"னு யாராவது சொன்னா நமக்கு உடனே காது குத்தும் (போன் போட்டேன்னு சொல்ற ஆளுங்க தவிர). இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களுக்கு "ஐ ரிக்வெஸ்டட் ஃபார் இட்" கிட்டத்தட்ட அப்படித்தான் கேக்கும், புரியும், ஆனா எங்கயோ கல்லு கடிபடும்.

வேர் கொஞ்சம் திரிஞ்சு பேராகுறதும் உண்டு, முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு – கேடு, படு – பாடு, சுடு – சூடு, பெறு – பேறு. இங்கிலீஷ்ல அட்வைஸ்ல எஸ் போட்டா வெர்ப், சி போட்டா நவுன்னு குழம்புறோமே, அது இந்த வகைக்கு தூரத்து சொந்தம். கெடுவுக்கும் கேடுக்கும் நாம யாரும் குழம்புறதில்ல பாருங்க.

#21 தூறல்மழை

ஐயோ இது அருமை. அவனை அடிச்சேன் / அவனுக்கு அடி. இனிமே மறக்கவே மாட்டேன்.

#22 எதுக்குவம்பு

ஒத்துக்கிறேன், இது நல்லா இருக்கு. மீதி பாதியும் சரணாகதி.

ஆனா இங்கிலீஷ்ல ஏன் இவ்வளவு வார்த்தை இப்படி ரெட்டை வேலை பாக்குது? நமக்கு ஏதோ பத்து இருபது. அவங்களுக்கு எதை எடுத்தாலும் நவுன், அதையே வெர்ப்.

#23 பழையபேனா

பழைய இங்கிலீஷ்ல அப்படி இல்ல, அப்ப அவங்களுக்கும் விகுதி எல்லாம் இருந்துச்சு. "லவ்"வை எடுத்துக்கோங்க, காதல்ங்கிற பேர் "லுஃபு", காதலிக்கிறதுங்கிற வினை "லுஃபியன்". வாலைப் பாத்தே பிரிச்சிடலாம். காலப்போக்குல அந்த வால் எல்லாம் தேஞ்சு உதிர்ந்து, ரெண்டும் "லவ்"னு ஒண்ணாயிடுச்சு. அப்புறம் அதுவே வழக்கமாகி, எந்த பேரையும் தூக்கி வினையா போடலாம்ங்கிற தைரியம் வந்துடுச்சு. ரிக்வெஸ்ட் பிரெஞ்சுலேர்ந்து வந்த சொல், இங்கிலீஷுக்குள்ள முதல்ல வந்தது நவுனாத்தான், 14ஆம் நூற்றாண்டுல. வெர்பா ஆனது அதுக்கு ரொம்ப பின்னாடி, 16ஆம் நூற்றாண்டுல.

வால் போனதுக்கு பதிலா சில வார்த்தைகள்ல அழுத்தம் இடம் மாறும். "ரெக்கார்ட்"ல முன்னாடி அழுத்தினா நவுன், பின்னாடி அழுத்தினா வெர்ப். "பெர்மிட்", "இம்போர்ட்", "ஆப்ஜெக்ட்" எல்லாம் அப்படி. ரிக்வெஸ்ட்ல அந்த உதவியும் இல்ல, ரெண்டுக்குமே அழுத்தம் "க்வெஸ்ட்" மேலதான். அதனால காதை நம்பி புண்ணியம் இல்ல, பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னுதான் பாக்கணும். முன்னாடி எ, த, மை, யுவர், எவ்ரி, எனி இருந்தா நவுன். வில், மஸ்ட், கேன், டு இருந்தா வெர்ப். இந்த "டு"ல மட்டும் ஜாக்கிரதை, "இன் ரெஸ்பான்ஸ் டு ரிக்வெஸ்ட்ஸ் ஃபார் அக்செஸ்"ல டு இருந்தாலும் அது நவுன்தான்.

#24 குழம்பியகுட்டை

மேடம், "ரிக்வெஸ்ட்ஸ்"னு எஸ் வந்தா? அது பன்மையாவும் இருக்கலாம், "ஹி ரிக்வெஸ்ட்ஸ்"னும் இருக்கலாமே. என் டாக்குமென்ட்ல ரெண்டும் இருக்கு.

#25 பழையபேனா

கோரிக்கை டெஸ்ட்டையே போடுங்க. "வென் எ யூசர் ரிக்வெஸ்ட்ஸ் அக்செஸ்", யூசர் "கேக்குறப்ப", ஃபார் கிடையாது. "ஆல் ரிக்வெஸ்ட்ஸ் ஃபார் அக்செஸ்", எல்லா "கோரிக்கைகளும்", ஃபார் உண்டு. "பிஃபோர் ரிக்வெஸ்டிங் அக்செஸ்", "கேக்குறதுக்கு முன்னாடி", கிடையாது. "த ஃபைல் யு ரிக்வெஸ்டட்", நீங்க "கேட்ட" ஃபைல், முடிஞ்சது. அங்க கடைசில "ரிக்வெஸ்டட் ஃபார்"னு வால் விடாதீங்க, "த ஃபைல் யு ஆஸ்க்ட் ஃபார்"ல மட்டும்தான் அந்த வால்.

வெர்ப்ல இன்னொரு தப்பும் நிறைய பாக்குறேன், யாரும் சொல்லலை. "ஐ ரிக்வெஸ்டட் ஹிம் ஃபார் த ரிப்போர்ட்." கூடாது. பொருளைக் கேட்டா "ஐ ரிக்வெஸ்டட் த ரிப்போர்ட் ஃப்ரம் ஹிம்". ஆளை முன்னாடி வெச்சா பின்னாடி ஒரு வேலை வரணும், "ஐ ரிக்வெஸ்டட் ஹிம் டு செண்ட் த ரிப்போர்ட்". "ஐ ரிக்வெஸ்டட் ஹிம்"னு மொட்டையா நிறுத்தவும் கூடாது. "தட்" போட்டு எழுதுனீங்கன்னா அங்க ஒரு வினோதம் இருக்கு, "வி ரிக்வெஸ்ட் தட் ஹி பி பிரசன்ட்"னு வரும், "இஸ்" இல்ல. பிரிட்டிஷ்ல "ஷுட் பி"ன்னும் எழுதுவாங்க.

#26 சொல்பொறுக்கி

"ஐ ரிக்வெஸ்ட் யு டு" பத்தி ஒரு வார்த்தை. இலக்கணப்படி சுத்தம், ஆனா மெயில்ல அதை நாம மரியாதைன்னு நினைச்சு எழுதுறோம், "தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" மாதிரி. படிக்கிற வெளிநாட்டு ஆளுக்கு அது ஸ்பீக்கர்ல அறிவிப்பு விட்ட மாதிரி விறைப்பா இருக்கும். ஒரு ஆள்கிட்ட ஒரு ஃபைல் வேணும்னா "குட் யு ப்ளீஸ் செண்ட்" போதும். ப்ரொசீஜருக்கு ரிக்வெஸ்ட் சரி, பக்கத்து சீட்டுக்காரருக்கு ஆஸ்க்.

#27 நள்ளிரவுகோடர்

ரிக்வெஸ்ட் மட்டும் இல்ல, இதே அச்சுல வார்த்த வார்த்தைங்க நிறைய இருக்கு போல. யோசிச்சா வந்துட்டே இருக்கு. டிமாண்ட் (டிமாண்ட் எ ரீஃபண்ட் / எ டிமாண்ட் ஃபார் எ ரீஃபண்ட்), விசிட் (விசிட் த சைட் / எ விசிட் டு த சைட்), லாக் (ஹி லாக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் / எ லாக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்), என்டர் த ரூம் / என்ட்ரி இன்டு த ரூம். "எம்ஃபசைஸ் ஆன்"னு போன வாரம்தான் ஒரு மெயில்ல எழுதினேன், நவுன்தான் "எம்ஃபசிஸ் ஆன்". ஒட்டுற சொல் மாறுதே தவிர கதை ஒண்ணுதான், வெர்ப் நேரா கையப் பிடிக்குது, நவுனுக்கு நடுவுல ஒரு ஆள் வேணும்.

#28 ஒற்றெழுத்து

எல்லாத்துக்கும் அப்படின்னு நம்பிடாதீங்க. ரிப்ளைக்கு வெர்பாவும் "டு" வேணும் நவுனாவும் "டு" வேணும். ஆன்சர் அதோட அண்ணன், வெர்பா இருந்தா "ஆன்சர் த மெயில்", நவுனா இருந்தா "ஆன்சர் டு த மெயில்". ஒரே வீட்டுல வேற வேற சட்டம்.

#29 குழம்பியகுட்டை

அப்டேட்: நேத்து ராத்திரி ரீப்ளேஸுக்கு முந்தின காப்பிய எடுத்து ஒண்ணொண்ணா பாத்தேன், 31 இடமும். கோரிக்கை 19, கேளு 12. அதாவது நான் ரீப்ளேஸ் ஆல் அடிக்காம சும்மா விட்டிருந்தா பன்னெண்டு தப்பு, அடிச்சதால பத்தொம்பது தப்பு 🤦 தலைப்பெல்லாம் "அக்செஸ் ரிக்வெஸ்ட்"னு மாத்திட்டேன். காலையில அனுப்பியாச்சு.

#30 எதுக்குவம்பு

ரிசல்ட் வந்ததும் சொல்லு. ஆவலா இருக்கேன்னு வெளிய சொல்லிக்க மாட்டேன்.

#31 குழம்பியகுட்டை

வந்துடுச்சு. பதினாறு பக்கத்துல ஒரே ஒரு சிவப்பு. ஆனா அதுல எனக்கு சந்தேகம். ஏழாவது பக்கம், "த டீம் லீட் மே ரிக்வெஸ்ட் அக்செஸ் ஃபார் எ நியூ மெம்பர்." அந்த "ஃபார்" மேல கோடு போட்டு "அகெய்ன்!"னு எழுதியிருக்கார். கோரிக்கை டெஸ்ட் போட்டா இது வெர்ப்தான், "மே" இருக்கு முன்னாடி. ஆனா இந்த ஃபார் எடுத்தா "அக்செஸ் எ நியூ மெம்பர்"னு ஆகுதே?

#32 பழையபேனா

எடுக்காதீங்க. இது அந்த "ஃபார்" இல்ல. கேட்ட பொருள் அக்செஸ், அது ரிக்வெஸ்ட்டை ஒட்டியே ஃபார் இல்லாம ஒழுங்கா நிக்குது. இந்த "ஃபார்" யாருக்காகங்கிறதைச் சொல்லுது, புது மெம்பருக்காக. "ரிக்வெஸ்ட் லீவ் ஃபார் டூ டேஸ்"ல வர்றது எத்தனை நாளைக்குங்கிற ஃபார், அது மாதிரி இதுவும் தனி. உங்க ரிவ்யூவர் சிவப்பு பேனாவோட ரொம்ப நேரம் உக்காந்துட்டார் போல, ரிக்வெஸ்ட் இருக்குற வரியில ஃபாரைக் கண்டதும் கை ஓடிருச்சு.

#33 எதுக்குவம்பு

அவரும் மனசுக்குள்ள ரீப்ளேஸ் ஆல் அடிச்சிட்டாரு 😂😂😂

#34 குழம்பியகுட்டை

இப்ப இதை அவர்கிட்ட எப்படி சொல்றது? மெயில் டிராஃப்ட் பண்ணியிருக்கேன், பாத்து சொல்லுங்க: "ஐ ரிக்வெஸ்ட் யு டு ரீகன்சிடர் த கமென்ட் ஆன் பேஜ் செவன்."

#35 சொல்பொறுக்கி

ஸ்பீக்கர் அறிவிப்பு வேண்டாம்னு சொன்னேன்ல. "குட் யு ப்ளீஸ் டேக் அனதர் லுக் அட் பேஜ் செவன்"னு போடுங்க.

#36 குழம்பியகுட்டை

போட்டுட்டேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துடுச்சு: "ஓகே. கீப் இட்."